எந்த முறை எத்தனை வரை மலிவு? பைத்தானில் சமச்செலவுக் கணக்கு

ஒரே வேலையை இரண்டு மூன்று விதமாகச் செய்ய முடியும் என்றால், எத்தனை உருப்படி வரை எது மலிவு என்ற கேள்வி வந்தே தீரும். பாடப்புத்தகச் சூத்திரம் எளிது. நிலைச் செலவுகளின் (எண்ணிக்கை எதுவானாலும் ஆகும் செலவு) வித்தியாசத்தை உருப்படிக்கான மாறும் செலவுகளின் வித்தியாசத்தால் வகுத்தால், இரண்டு முறைகளும் சமமாகும் எண்ணிக்கை கிடைத்துவிடும். இதைக் காகிதத்திலேயே போடலாம். இதற்காக யாரும் லைப்ரரி நிறுவ வேண்டியதில்லை. ஆனால் நிஜச் செலவுகள் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஆள் சேர்க்கும்போது செலவு ஒரேயடியாகத் தாவும், விலைப்படி மாறும்போது சரியும், பிழை திருத்தும் செலவு வேறு கூடவே வரும். பைத்தானின் கணித லைப்ரரிகளான நம்பையும் சைபையும் தேவைப்படுவது இங்கேதான். பொருந்தாத ஃபங்ஷனை எடுத்தால் அவை சத்தமில்லாமல் தப்பான விடை தருவதும் இங்கேதான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலிடம் "சமச்செலவுப் புள்ளி எது?" என்று கேட்காதீர்கள். "எதிலிருந்து எது வரை எந்த முறை மலிவு, எவ்வளவு மலிவு?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினாலே பாதிப் பிழைகள் விலகிவிடும்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வேலை. அதைச் செய்ய மூன்று முறைகள். பண அலகு எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

கைமுறை: மாத நிலைச் செலவு 200, விண்ணப்பத்துக்கு 3.00
கலப்புமுறை: மாத நிலைச் செலவு 1,400, விண்ணப்பத்துக்கு 1.40
தானியங்கி: மாத நிலைச் செலவு 5,000, விண்ணப்பத்துக்கு 0.60

சூத்திரத்தில் போட்டால் கைமுறையும் கலப்புமுறையும் 750-இல் சமம். கலப்புமுறையும் தானியங்கியும் 4,500-இல் சமம். கைமுறையும் தானியங்கியும் 2,000-இல் சமம். மூன்று விடையும் சரியானவைதான். ஆனால் மூன்றாவதால் ஒரு பயனும் இல்லை. 2,000 விண்ணப்பத்துக்குக் கைமுறைக்கும் தானியங்கிக்கும் தலா 6,200 ஆகும். அதே வேலையைக் கலப்புமுறை 4,200-இல் முடித்துவிடும். தோற்ற இருவர் எங்கே சமமானார்கள் என்பது முடிவெடுக்க உதவாது.

முறைகள் கூடக்கூட இந்தச் சிக்கல் வேகமாகப் பெருகும். பத்து முறைகள் இருந்தால் 45 ஜோடிகள். எல்லாமே நேர்கோட்டுச் செலவு என்றால், மிக மலிவான முறை உண்மையில் கைமாறும் இடங்கள் அதிகம் போனால் 9 தான். ஜோடி ஜோடியாகச் சமச்செலவுப் புள்ளி எடுத்து அட்டவணை போடும் நிரல்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ஒருபோதும் முதலிடத்துக்கு வராத முறையும் அந்த அட்டவணையில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும். நிலைச் செலவு 2,600, விண்ணப்பத்துக்கு 1.20 என்று நான்காவது முறை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கலப்புமுறையை அது 6,000-இல் முந்துகிறது என்று ஜோடிக் கணக்கு சொல்லும். அதற்குள் 4,500-லேயே தானியங்கி முந்திப் போய்விட்டது. நான்காவது முறைக்கு மிகச் சாதகமான இடம் அந்த 4,500 தான். அங்கேயே அதன் செலவு 8,000. மற்ற இரண்டும் 7,700. அதை வாங்க எந்த எண்ணிக்கையிலும் காரணமில்லை.

ஆள் கணக்கு உள்ளே வந்தால்

கைமுறைக்கு விண்ணப்பத்துக்கு 3.00 என்றோமே, அது எங்கிருந்து வந்தது? தாள், அச்சு, அஞ்சல் என்று 0.50. மீதி 2.50 ஆள் செலவு: ஒருவருக்கு மாதம் 1,500, அவர் மாதத்தில் 600 விண்ணப்பம் பார்ப்பார். 1,500-ஐ 600-ஆல் வகுத்து 2.50 என்று போட்டிருக்கிறார்கள். 601-ஆவது விண்ணப்பம் வந்தால் இரண்டரை அலகு கூடாது. இன்னொரு ஆளின் முழுச் சம்பளம் கூடும். எனவே கைமுறையின் சரியான செலவு 200, அதோடு 0.5 பெருக்கல் எண்ணிக்கை, அதோடு 1,500 பெருக்கல் ஆட்கள். ஆட்கள் என்பது எண்ணிக்கையை 600-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கியது.

இப்போது கைமுறையைக் கலப்புமுறையோடு ஒப்பிட்டால் படம் தலைகீழாகிறது. ஓர் ஆள் இருக்கும் வரை, அதாவது 1 முதல் 600 வரை, கைமுறைச் செலவிலிருந்து கலப்புமுறைச் செலவைக் கழித்தால் 300 − 0.9 × எண்ணிக்கை. 333 வரை அது மிகை எண், அதாவது கலப்புமுறைதான் மலிவு. 334 முதல் 600 வரை கைமுறை மலிவு. 601-இல் இரண்டாவது ஆள் வந்ததும் கைமுறை ஒரேயடியாக 1,259.1 அதிகமாகிவிடுகிறது, அதற்குப் பிறகு அது மீளவே இல்லை. சராசரிக் கணக்கு "750 வரை கைமுறை" என்றது. உண்மையில் கைமுறை மலிவாக இருப்பது 334-க்கும் 600-க்கும் இடையே மட்டும்.

இதே கணக்கை சைபையின் "பிரென்ட்க்யூ" ஃபங்ஷனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். அது ரிச்சர்ட் பிரென்ட் 1973-இல் வெளியிட்ட முறை. வித்தியாசம் பூஜ்யமாகும் இடத்தைத் தேட, ஓர் இடைவெளியின் இரு முனைகளையும் கேட்கும். இரு முனைகளிலும் வித்தியாசத்தின் குறி எதிரெதிராக இருக்க வேண்டும். தொடர்ச்சியான வளைகோட்டுக்கு இது அருமையான கருவி. இங்கே வளைகோடு உடைந்திருக்கிறது.

1 முதல் 2,000 வரை என்று இடைவெளி கொடுங்கள். 1-இல் வித்தியாசம் +299.1, 2,000-இல் +3,000. இரண்டும் ஒரே குறி. முனைகளின் குறிகள் வேறுபட வேண்டும் என்ற எரரோடு நிரல் நின்றுவிடும். இதைப் பார்த்து "இரண்டும் சந்திக்கவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உள்ளே இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. இரட்டைப் படையில் குறி மாறினால் முனைகளுக்கு அது தெரியாது.

0 முதல் 2,000 வரை கொடுத்தால் இன்னும் மோசம். 0-இல் ஆளே இல்லை என்பதால் வித்தியாசம் −1,200. குறிகள் எதிரெதிர், எரர் வராது. ஃபங்ஷன் முதல் அடியிலேயே 571.4-க்குத் தாவும், அங்கே குறை எண்ணைக் காணும், பிறகு சுருங்கிச் சுருங்கி 600-ஐ ஒட்டி நின்று "கிடைத்துவிட்டது" என்று சொல்லும். அந்த இடத்தில் வித்தியாசம் பூஜ்யமே இல்லை. இந்தப் பக்கம் −240, அந்தப் பக்கம் +1,260 வாக்கில். குறி மாறும் இடத்தைத் தேடுவதுதான் அந்த ஃபங்ஷனின் வேலை; தாவலும் அதற்குக் குறி மாற்றம்தான். 333.33-இல் உள்ள உண்மையான சமச்செலவுப் புள்ளியை அது தொடவே இல்லை. எனவே பிரென்ட்க்யூ தந்த விடையைத் திரும்ப ஃபங்ஷனில் போட்டு, வித்தியாசம் உண்மையிலேயே பூஜ்யத்துக்கு அருகில்தானா என்று பார்க்கும் ஒரு வரி நிரலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சைபையின் இன்னொரு ஃபங்ஷனான "எஃப்சால்வ்" இதற்கு மாற்று ஆகாது. அது ஓர் ஊக மதிப்பிலிருந்து சரிவைப் பிடித்துக்கொண்டு நகர்வது. தாவல்களை அதன் சரிவுக் கணக்கு காணாது.

எண்ணிப் பார்த்துவிடுங்கள்

விண்ணப்பம் முழு எண். மாதம் 10,000-க்கு மேல் போகாது என்று தெரிந்தால், 0 முதல் 10,000 வரை எல்லா எண்ணுக்கும் எல்லா முறைக்கும் செலவைப் போட்டுவிடுவதுதான் ஆகச் சிறந்த வழி. நம்பைக்கு இது கண்ணிமைக்கும் வேலை. வரிகள் இவ்வளவுதான் (லைப்ரரி, ஃபங்ஷன் பெயர்களை நிரலில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்):

எண் = நம்பை.அரேஞ்ச்(0, 10001)
கை = 200 + 0.5 * எண் + 1500 * நம்பை.சீல்(எண் / 600)
கலப்பு = 1400 + 1.4 * எண்
தானி = 5000 + 0.6 * எண்
அட்டவணை = நம்பை.ஸ்டாக்([கை, கலப்பு, தானி])
மலிவு = அட்டவணை.ஆர்க்மின்(ஆக்சிஸ்=0)
மாற்றம் = நம்பை.ஃப்ளாட்நான்ஸீரோ(நம்பை.டிஃப்(மலிவு)) + 1

"மாற்றம்" என்பதில் 1, 334, 601, 4501 என்று நான்கு எண்கள் வரும். இதுதான் முழு வரைபடம். 1 முதல் 333 வரை கலப்புமுறை, 334 முதல் 600 வரை கைமுறை, 601 முதல் 4,500 வரை கலப்புமுறை, அதற்கு மேல் தானியங்கி. கடைசி வரியில் உள்ள +1-ஐ விட்டுவிடக் கூடாது. "டிஃப்" அடுத்தடுத்த இரண்டைக் கழிப்பதால் அதன் வரிசை எண் ஒன்று பின்தங்கியிருக்கும். +1 இல்லாவிட்டால் எல்லை ஒவ்வொன்றும் ஓர் எண் முன்னால் விழும்.

இந்தச் சில வரிகளுக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. 4,500-இல் கலப்புமுறையும் தானியங்கியும் தலா 7,700, சரிசமம். மிகக் குறைந்ததன் இடத்தைத் தரும் "ஆர்க்மின்", சமமாக இருந்தால் வரிசையில் முதலில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே தற்போது நடப்பில் உள்ள முறையை அடுக்கில் முதலில் வையுங்கள். சமம் என்றால் மாற்றாமல் இருப்பதுதானே நியாயம். அடுத்தது, எண்ணிக்கை 0 என்றால் ஆள் செலவும் 0 என்று நிரல் நினைக்கிறது. விண்ணப்பம் வராத மாதத்திலும் ஒருவருக்குச் சம்பளம் உண்டு என்றால், ஆட்கள் எண்ணிக்கையை "மேக்ஸிமம்" கொண்டு குறைந்தது 1 என்று கட்டிப்போட வேண்டும்.

மேல்நோக்கி முழுமையாக்குவதில் இன்னொரு பொறி ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்தால் பிரச்சினை இல்லை. மணி நேரம் போன்ற தசம எண்ணை வகுக்கும்போதுதான் சிக்கல். 0.1 + 0.2 என்பதை 0.1-ஆல் வகுத்தால் பைத்தானில் 3.0000000000000004 வரும், அதை "சீல்" 4 ஆக்கிவிடும். காற்றில் ஓர் ஆள் கூடிவிட்டார், 1,500 கூடிவிட்டது. நேரத்தை நிமிடமாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு முழு எண் வகுத்தலையே பயன்படுத்துங்கள்: −(−அ // ஆ) என்று எழுதினால் மேல்நோக்கி முழுமையாகும், தசமம் உள்ளேயே வராது. "ரவுண்ட்" இதற்கு உதவாது, அது 2.5-ஐ 2 ஆக்கும், ஏனென்றால் சரிபாதியில் நிற்பதை இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம்.

பணத்தை முழு எண்ணாக வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் நம்பையில் முழு எண்ணுக்கு எல்லை உண்டு. விண்டோஸில் நம்பை 2.0-க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பு முழு எண் 32 பிட். 2,147,483,647-க்கு மேல் போனால் எச்சரிக்கை இல்லாமல் குறை எண்ணாகச் சுற்றிவிடும். 1.40-ஐ 140 சிற்றலகாக வைத்து 2 கோடி உருப்படியால் பெருக்கினால் 280 கோடி, எல்லை தாண்டிவிட்டது. மிக அதிக எண்ணிக்கையில் ஒரு முறை திடீரென்று மிக மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 64 பிட் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

முழு ஆளாகக் கணக்கிடுவதா, பின்ன ஆளாகவா என்பதை நிரல் தீர்மானிக்க முடியாது. மிச்ச நேரத்தில் அந்த ஆளுக்கு வேறு பயனுள்ள வேலை உண்டென்றால், அரை ஆளுக்கு அரைச் சம்பளம் போடுவது சரி, கைமுறைக்கு 3.00 என்ற சராசரியும் சரி. மிச்ச நேரம் வீணாகத்தான் போகும் என்றால் படிக்கட்டுச் செலவுதான் உண்மை. இதை விசாரித்துவிட்டுத்தான் நிரலில் கை வைக்க வேண்டும். 750-க்கும் 334–600-க்கும் உள்ள அத்தனை வேறுபாடும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

தானியங்கியின் மறைமுகச் செலவு

தானியங்கி முறைக்கு 0.60 என்று போட்டிருக்கிறோம். இயந்திரம் படிக்க முடியாமல் ஒதுக்கும் விண்ணப்பங்கள்? அவை ஒருவர் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் பிரித்து, பார்த்து, திருத்தி, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். சாதாரண விண்ணப்பத்தைவிட இவற்றுக்கு அதிகம் ஆகும். ஒன்றுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 ஒதுக்கப்பட்டால் சராசரியாக விண்ணப்பத்துக்கு 0.30 கூடி 0.90 ஆகிறது. கலப்புமுறையின் 1.40-இல் திருத்தச் செலவு ஏற்கெனவே அடக்கம் என்றால், எல்லை 4,500-இலிருந்து 7,200-க்குப் போய்விடும். நூற்றுக்கு 10 என்றால் 18,000. நூற்றுக்கு 13.3-ஐத் தாண்டினால் தானியங்கி எந்த எண்ணிக்கையிலும் வெல்லாது. விற்பவர் தரும் விலைப்பட்டியலில் இந்த விகிதம் இருக்காது. மாதிரி ஓட்டம் நடத்தி நாமேதான் அளக்க வேண்டும். மற்ற எந்த எண்ணையும்விட இதை அளப்பதில் நேரம் செலவிடுவது தகும்.

திருத்தியதே மறுபடி தோல்வியடையலாம் என்றால் செலவைக் கூட்டினால் போதாது, பெருக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் தோல்வி வாய்ப்பு 0.2 என்றால், ஒரு வெற்றிக்குச் சராசரியாக 1/(1 − 0.2), அதாவது 1.25 முயற்சிகள்.

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் பிரென்ட்க்யூ கச்சிதமாகப் பொருந்துகிறது. மாதம் 6,000 விண்ணப்பம் உறுதி. ஒதுக்கல் விகிதம் எவ்வளவு வரை இருந்தால் தானியங்கி தாங்கும்? தேடுவது ஒரு விகிதம், தொடர்ச்சியான எண். விகிதம் ஏறினால் செலவும் ஏறும், இடையில் தாவல் இல்லை. இடைவெளியும் தானாகவே அமைந்துவிடுகிறது, 0 முதல் 1 வரை. 0-இல் தானியங்கி 1,200 மலிவு, 1-இல் 34,800 அதிகம், குறிகள் எதிரெதிர். விடை 0.0333, நூற்றுக்கு 3.33. எண்ணிக்கையைத் தேடும்போது எல்லாவற்றையும் எண்ணிவிடுவது, விகிதம், விலை, சம்பளம் போன்றவற்றைத் தேடும்போது பிரென்ட்க்யூ என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

விலைப்படிகள்

சேவைக் கட்டணங்கள் படிப்படியாகக் குறைவது வழக்கம். அது இரண்டு வகை. ஒரு வகையில் எல்லை தாண்டிய உருப்படிக்கு மட்டும் புது விலை. இன்னொன்றில் எல்லை தாண்டினால் எல்லா உருப்படிக்கும் புது விலை. ஒப்பந்தத்தில் எது என்று பார்க்காமல் நிரல் எழுதக் கூடாது.

முதல் வகைக்கு, எல்லைகளையும் அங்கங்கே மொத்தச் செலவையும் கொடுத்து "இன்டர்ப்" ஃபங்ஷனால் இடைப்பட்டதை எடுக்கலாம், சுருக்கமான வழி. ஆனால் கொடுத்த கடைசி எல்லைக்கு அப்பால் "இன்டர்ப்" கோட்டை நீட்டாது. கடைசி மதிப்பையே திரும்பத் திரும்பத் தரும். அதற்குமேல் எத்தனை உருப்படி வந்தாலும் செலவு ஏறாத அதிசய முறை ஒன்று உருவாகி, அட்டவணையின் வலதுபக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் எண்ணிக்கை வரம்பைவிட மிகத் தள்ளி ஒரு கடைசிப் புள்ளியைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் வகையில் வேறொரு விசித்திரம். 1,000 வரை உருப்படிக்கு 1.00, 1,001 முதல் எல்லாவற்றுக்கும் 0.80 என்றால், 1,000-க்கு 1,000 ஆகும், 1,001-க்கு 800.80 தான். 801 உருப்படி மட்டும் தேவைப்படுபவரும் 1,001 வாங்கினால் அவருக்கு மலிவு. அப்படி வாங்க ஒப்பந்தம் இடம் கொடுத்தால், உண்மைச் செலவு என்பது அந்த எண்ணிக்கையிலும் அதற்கு மேலும் உள்ள செலவுகளில் மிகக் குறைந்தது. செலவு அரேயைத் தலைகீழாக்கி, "மினிமம்.அக்யுமுலேட்" போட்டு, மறுபடி தலைகீழாக்கினால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

சராசரி மாதம் என்று ஒன்று இல்லை

படிக்கட்டுச் செலவு இருக்கும் இடத்தில் சராசரி எண்ணிக்கையைப் போட்டுக் கணக்கிடுவது பெரிய தவறில் கொண்டுபோய் விடும். பாதி மாதங்கள் 450, பாதி மாதங்கள் 750 என்று வருகிறது; சராசரி 600. 600-இல் கைமுறைக்கு 2,000, கலப்புமுறைக்கு 2,240. கைமுறைதான் வேண்டும் என்று எழுதிவிடலாம் போலிருக்கும். ஆனால் 450 வரும் மாதத்தில் கைமுறைக்கு 1,925, 750 வரும் மாதத்தில் இரண்டாவது ஆளோடு 3,575. சராசரி 2,750. கலப்புமுறைச் செலவு நேர்கோடு என்பதால் அதன் சராசரி அதே 2,240. முடிவு தலைகீழ். இத்தனைக்கும், தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் இரண்டாவது ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக எடுத்துக்கொண்ட கணக்கு இது. இருவரையும் நிரந்தரமாக வைத்தால் கைமுறைச் சராசரி 3,500.

கடந்த மாதங்களின் உண்மை எண்ணிக்கைகளை, தரவு அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் ஒரு பத்தியாக ஏற்றி, ஒவ்வொரு மாதத்துக்கும் செலவைப் போட்டு, பிறகு சராசரி எடுங்கள். சராசரி கடைசியில்தான் வர வேண்டும்.

உள்ளீடுகளின் உறுதியின்மையும் இதே வகைதான். சமச்செலவுப் புள்ளியின் சூத்திரத்தில் கீழே இருப்பது இரண்டு மாறும் செலவுகளின் வித்தியாசம். அது சிறியதாக இருந்தால் புள்ளி ஆடும். கலப்புமுறைக்கும் தானியங்கிக்கும் இடையே அது 0.80. அதில் 0.10 தப்பினால் 4,500 என்பது ஒரு பக்கம் 4,000, மறுபக்கம் 5,143. ஆகவே புள்ளியின் சராசரியைச் சொல்வதில் அர்த்தமில்லை. சில மாதிரிகளில் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கிப் புள்ளி எங்கோ பறந்துவிடும், அந்த ஒன்றிரண்டே சராசரியைக் கெடுத்துவிடும். பலமுறை மாதிரி எடுத்து, ஒவ்வோர் எண்ணிக்கையிலும் எத்தனை விழுக்காடு மாதிரிகளில் எந்த முறை வென்றது என்று எண்ணுங்கள். குறைந்தது, பெரும்பாலும், அதிகம் என்ற மூன்று எண்களை ஆட்களிடம் கேட்டு வாங்குவது எளிது. நம்பையின் "ட்ரையாங்குலர்" அந்த மூன்றையும் அப்படியே ஏற்கும்.

மாதிரி எடுக்கும்போது பொதுவான காரணியை ஒரே முறைதான் எடுக்க வேண்டும். சம்பளம் ஏறினால் மூன்று முறையிலும் ஏறும். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகச் சம்பளத்தை எடுத்தால், கைமுறைக்குக் குறைந்த சம்பளமும் கலப்புமுறைக்கு உயர்ந்த சம்பளமும் உள்ள, இருக்கவே முடியாத உலகங்கள் கணக்கில் கலந்து உறுதியின்மையை ஊதிப் பெரிதாக்கும். நினைவகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2,000 மாதிரி, 10,001 எண்ணிக்கை, 3 முறை, ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் ஏறத்தாழ 480 மெகாபைட். பத்துப் பத்தாக எண்ணினால் 48-க்கு இறங்கும். கூடவே படிக்கட்டு விளிம்புகளை, அதாவது 600, 601, 1200, 1201 என்று, கையால் சேர்த்துவிடலாம்.

ஒருமுறைச் செலவு

தானியங்கியின் 5,000-இல் முதலீடும் கலந்திருக்கும். 48,000 முதலீட்டை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000. பணத்துக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி என்றால் சரியான எண் 2,259.5. இந்த மாதத் தவணையைக் கணக்கிடும் "பிஎம்டி" ஃபங்ஷன் முன்பு நம்பைக்குள்ளேயே இருந்தது, 1.20 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டு, நம்பை ஃபைனான்ஷியல் என்ற தனி லைப்ரரியில் இருக்கிறது. பழைய நிரலை எடுத்து ஓட்டினால் எரர் வருவது அதனால்தான். விடை குறை எண்ணாக வரும், வெளியே போகும் பணம் என்பதால்; அப்படியே நிலைச் செலவில் கூட்டினால் முதலீடு செய்யச் செய்ய லாபம் என்று ஆகிவிடும். வரப்போகும் தொகைகளின் இன்றைய மதிப்பைத் தரும் இதிலுள்ள "என்பிவி" முதல் எண்ணை இன்றைய நாளில் வைக்கிறது. விரிதாளில் உள்ள அதே பெயர்ச் சூத்திரம் முதல் எண்ணை ஒரு காலகட்டம் தள்ளி வைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

எத்தனையாவது மாதத்தில் முதலீடு திரும்பும் என்று பார்க்க, மாதச் சேமிப்புகளை "கம்சம்" கொண்டு கூட்டிக்கொண்டே போய் முதல் மிகை எண்ணைத் தேடுவார்கள். அதற்கு "ஆர்க்மேக்ஸ்" பயன்படுத்தினால், ஒருபோதும் திரும்பாத முதலீட்டுக்கும் விடை 0 என்று வரும். அதைப் படிப்பவர் முதல் மாதத்திலேயே திரும்பிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். முன்னால் "எனி" போட்டு, ஒரு மிகை எண்ணாவது இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

நிரலைச் சோதிப்பது

எதிர்பார்த்த விடையை எழுதி வைத்துச் சோதிப்பதைவிட, மாறக் கூடாதவற்றைச் சோதிப்பது இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்தும். எல்லாச் செலவையும் 1,000-ஆல் பெருக்குங்கள். எல்லைகள் அசையக் கூடாது. எல்லா முறைக்கும் ஒரே தொகையை நிலைச் செலவில் கூட்டுங்கள், அசையக் கூடாது. உருப்படிச் செலவில் ஒரே தொகையைக் கூட்டினாலும் அப்படியே. எல்லா நிலைச் செலவையும் வருடக் கணக்கிலும் எண்ணிக்கையை வருடத்துக்கும் மாற்றினால், படிக்கட்டு இல்லாத ஜோடிகளின் எல்லைகள் சரியாக 12 மடங்காக வேண்டும். மாற்றும்போது ஒரு முறையின் நிலைச் செலவு மட்டும் விட்டுப்போயிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடும். அலகுக் குழப்பம் அடிக்கடி வருமென்றால் "பிண்ட்" லைப்ரரியைச் சேர்த்துவிடுங்கள். மாதத் தொகையையும் விண்ணப்பத் தொகையையும் தவறிக் கூட்டினால் அது ஓடவே மறுக்கும்.

குறியீட்டுக் கணித லைப்ரரியான சிம்பையைச் சூத்திரம் காட்டவும் விளக்கவும் வைத்துக்கொள்ளலாம். அதில் 1.4 என்பதை மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுத்தால்தான் "ரேஷனல்" அதை 7/5 என்று எடுக்கும். நேரடித் தசமமாகக் கொடுத்தால் நீண்ட பின்னம் ஒன்று வந்து நிற்கும்.

முடிவைக் கையில் கொடுக்கும்போது எல்லைகளோடு இடைவெளியையும் ஒரு பத்தியாகக் கொடுங்கள்: முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம். செலவு தாவாத எல்லையை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் குறையும். அங்கே முறையை மாற்றுவதே வீண் செலவாகலாம். மாதம் 550 விண்ணப்பம் வரும் இடத்தில் கைமுறைக்கு 1,975, கலப்புமுறைக்கு 2,170. மாதம் 195 மிச்சம். கலப்புமுறையிலிருந்து கைமுறைக்குத் திரும்ப, பயிற்சிக்கும் தரவு மாற்றத்துக்கும் 1,500 ஆகும் என்றால், அது திரும்ப 8 மாதம் வேண்டும். அந்த 8 மாதத்தில் இரண்டு மூன்று மாதங்கள் 600-ஐத் தாண்டினாலே, மிச்சப்படுத்தியதைவிட அதிகம் போய்விடும்.